பக்கத்து பெஞ்சில் யார்?

தில்லியில் நான் மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்த்த நாட்களில், எங்களுக்குக் கீழ்வீட்டில் ஓர் அண்ணாச்சி குடியிருந்தார். சாத்தான்குளம் பக்கம் சொந்த ஊர். எழுபதுகளில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக வந்து சேர்ந்து, தில்லிக் குளிருக்கும் சப்பாத்திக்கும் பழகி, அங்கேயே ஓய்வும் பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணியானால் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கக்கத்தில் பைபிளுமாகப் படியிறங்குவார். பின்னாலேயே மதினி, சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி. "கோயிலுக்குப் போயிட்டு வாறோம் தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். திருநெல்வேலிச் சீமையில் சர்ச்சுக்கும் கோயில் என்றுதான் பெயர் என்பது மதுரைக்காரனான எனக்கு அப்போது புதுச் செய்தி.

ஒரு கிறிஸ்துமஸ் சமயம் அவர்களோடு நானும் போனேன். நான் கிறிஸ்தவன் அல்ல. அண்ணாச்சி கூப்பிட்டார், போனேன். வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். காலையில் ஆங்கில ஆராதனை, பிறகு இந்தி, வெயில் சாய்ந்த பிறகு தமிழருக்கு முறை. உள்ளே பாட்டு தொடங்கியதும் எனக்கு வேடிக்கையாக இருந்தது. நாகர்கோவில் நர்ஸ், வேலூர் ராணுவ ஹவில்தார், அமைச்சக அதிகாரி, ஆராய்ச்சி மாணவி, டிரைவர், வீட்டு வேலை செய்யும் பெண்கள் என்று ஐந்தாறு மாவட்டத்துத் தமிழ் ஒரே ராகத்தில் ஏறி இறங்கியது. தமிழ்நாட்டில் இவர்களில் இரண்டு பேர் ஒரே தெருவில் குடியிருந்திருக்க மாட்டார்கள். ஆராதனை முடிந்து வெளியே தேநீரும் கேக்கும் கொடுத்தார்கள். ஹவில்தார் பிள்ளைக்கு ஸ்கூல் அட்மிஷன் வேண்டுமென்றார். அதிகாரி ஒரு பெயரைக் குறித்துக்கொண்டார். நர்ஸ் யாருக்கோ மாத்திரைச் சீட்டு பார்த்துச் சொன்னார். தேவ காரியம் எவ்வளவு நடந்ததென்று எனக்குச் சொல்லத் தெரியாது. மனுஷ காரியம் நிறைய நடந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. முன்வரிசைகளில் ஸ்வெட்டரும் கோட்டும். நடுவில் சால்வைகள். கடைசி இரண்டு பெஞ்சில், பாராபுல்லா ஓடைக்கரைக் குடிசைகளிலிருந்து வந்த பெண்களும் பிள்ளைகளும். யாரும் யாரையும் அங்கே போய் உட்காரச் சொல்லவில்லை. அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்திருந்தது.

சில வருஷம் கழித்து அண்ணாச்சி சர்ச் கமிட்டியில் உறுப்பினரானார். ஒருநாள் சந்தோஷமாக வந்து சொன்னார். ஓடைக்கரைக் குடும்பங்கள் பஸ் பிடித்து, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, பாதி ஆராதனையில் வந்து நுழைகிறார்கள், பாவம். "அங்கனையே வாரம் ஒரு ஜெபக்கூட்டம் வச்சிரலாம்னு நான்தான் தம்பி சொன்னேன். ஐயரு போய் நடத்திட்டு வந்துருவாரு. அவங்களுக்கும் அலைச்சல் இல்ல." (அவர்கள் வழக்கில் போதகருக்கு ஐயர் என்று பெயர்.) கமிட்டி ஒரே மனதாக ஏற்றுக்கொண்டதாம். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், அதில் சந்தேகமில்லை. ஒரு வருஷத்துக்குள் கடைசி இரண்டு பெஞ்சும் ஏறக்குறையக் காலியாகிவிட்டன.

அந்த யோசனையில் என்ன கோளாறு என்பது எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. கடவுள் எங்கும் இருப்பவர் என்றால் ஓடைக்கரையிலும் இருப்பார். ஜெபத்துக்கு பெஞ்சும் மணிக்கூண்டும் எதற்கு? தனியாக உட்கார்ந்து கும்பிட்டால் ஆகாதா? இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில், தமிழ் படித்தவனுக்குக் கிடைக்கக்கூடிய இடத்திலிருந்தே வந்தது. அதாவது சொற்களிலிருந்து.

புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. கிறிஸ்தவர்கள் கூடும் கூட்டத்துக்கு அதில் உள்ள சொல் எக்ளேசியா. ஏதென்ஸ் நகரத்தில் குடிமக்கள் கூடி முடிவெடுக்கும் மன்றத்துக்கு அதுதான் பெயர். பெண்கள், அடிமைகள், வெளியூர்க்காரர்கள் அதில் நுழைய முடியாது. தமிழில் அதைச் 'சபை' என்று மொழிபெயர்த்தார்கள். உத்திரமேரூர் கல்வெட்டு ஞாபகம் வருகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. சபைக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று நிலம், வீடு, வயது, படிப்பு எல்லாவற்றையும் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறது. சபை என்பது பிராமணக் குடியிருப்பின் அமைப்பு. மற்றவர்கள் கூடியதற்கு 'ஊர்' என்று வேறு பெயர். ஆக, கிரேக்கத்திலும் சரி, தமிழிலும் சரி, வாசலில் ஆளை நிறுத்தி யார் நீ என்று கேட்கும் இடத்தின் பெயரை எடுத்து, அடிமையும் எஜமானனும் அடுத்தடுத்து உட்கார வேண்டிய கூட்டத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள். மொழிபெயர்த்தவர்கள் இதை யோசித்தார்களோ இல்லையோ, சொல்லுக்குள் சண்டை அப்போதே புகுந்துவிட்டது.

இன்னொரு சொல் கொய்னோனியா. பகிர்ந்துகொள்ளுதல், பங்காளியாக இருத்தல் என்று பொருள். தமிழ் பைபிளின் பழைய மொழிபெயர்ப்பில் இதற்குப் பல இடங்களில் 'ஐக்கியம்' என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில், எருசலேமின் முதல் விசுவாசிகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லும் இடத்தில், 'அந்நியோந்நியம்' என்ற சொல் நிற்கிறது. இன்று நாம் புருஷன் பெண்சாதிக்கு மட்டும் ஒதுக்கி வைத்துவிட்ட சொல். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஐக்கியத்தை மேடையில் பேசிவிட்டுப் போய்விடலாம். அந்நியோந்நியத்துக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்களுக்குக் கோயில் கட்டடம் கிடையாது. யாராவது ஒருவர் வீட்டில் கூடினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். அதிலேயே தகராறு. கொரிந்து பட்டணத்தில் வசதியானவர்கள் முன்னதாக வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட, வேலை முடித்துத் தாமதமாக வந்த ஏழைகளுக்குப் பாத்திரம் காலி. பவுல் அவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இதற்காகக் கடுமையாகக் கோபித்துக்கொள்கிறார். இப்படிக் கூடுவதைவிடக் கூடாமலே இருக்கலாம் என்கிற அளவுக்குக் கோபம். ஆனாலும் அவரவர் வீட்டிலேயே கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றுதான் முடிக்கிறார். யாக்கோபின் நிருபத்தில் இன்னொரு புகார். பொன் மோதிரக்காரர் வந்தால் நல்ல ஆசனம், கந்தலாடைக்காரர் வந்தால் அங்கே நில் என்று கைகாட்டுதல். அண்ணாச்சியின் சர்ச்சில் நான் பார்த்தது இரண்டாயிரம் வருஷப் பழைய சமாசாரம்.

இந்தக் கூட்டத்தைப் பற்றி வெளியாள் ஒருவர் எழுதிய குறிப்பும் இருக்கிறது. கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ரோமானிய ஆளுநராக இருந்த பிளைனி, சக்கரவர்த்தி டிராஜனுக்கு எழுதிய கடிதம். குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள், பிறகு கலைந்துபோய் மறுபடி சாப்பிடக் கூடுகிறார்கள், சாப்பாடும் சாதாரணச் சாப்பாடுதான் என்று விசாரித்து எழுதுகிறார். இதே டிராஜன், அதே மாகாணத்தில் நிகோமீடியா நகரத்தில் தீயணைக்க 150 பேர் கொண்ட சங்கம் ஒன்றை வைத்துக்கொள்ளலாமா என்று பிளைனி கேட்டபோது மறுத்துவிட்டவர். எந்தப் பெயரில் கூடினாலும் ஜனங்கள் கடைசியில் அரசியலுக்கு வந்துவிடுவார்கள் என்பது அவர் பயம். தீயணைப்புக்கே அனுமதி இல்லாத இடத்தில் வாராவாரம் கூடுகிறவர்களை அரசாங்கம் எப்படிப் பார்த்திருக்கும்? தனித்தனியாக அவரவர் மனதுக்குள் எதைக் கும்பிட்டாலும் ரோமாபுரிக்குக் கவலை அவ்வளவு இருந்திருக்காது. கூடுவதுதான் உறுத்தியது.

அடுத்த ஐம்பது வருஷத்துக்குள் ரோமில் ஜஸ்டின் என்பவர் ஞாயிறு ஆராதனையை விவரித்து எழுதினார். பட்டணத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். வாசிப்பு, பிரசங்கம், ஜெபம், பிறகு அப்பமும் ரசமும். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையிலிருப்பவர்களுக்கும் போகிறது. அதில் ஒரு சின்ன விவரம்: அன்று வர முடியாதவர்களுடைய பங்கை உதவிக்காரர்கள் அவர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள். வராதவருக்கும் கணக்கில் ஒரு பங்கு உண்டு என்றால், யார் வரவில்லை என்பதை யாரோ கவனித்திருக்க வேண்டும்.

இதெல்லாம் நம் ஊருக்கு வந்தபோது என்ன ஆயிற்று என்பது பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதையாக இல்லை. 1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். கோயில்கள் எழுந்தன. உள்ளே சாதிவாரியாகத்தான் உட்கார்ந்தார்கள். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சென்னையிலும் தஞ்சாவூரிலும் பலர் கோயிலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு முன்பே, 1829-ல், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் மிஷனரிகளின் சாதித் திருத்தத்தை எதிர்த்துப் பிரசுரங்கள் எழுதியிருந்தார். தமிழ்க் கிறிஸ்தவர் நாவில் இன்றும் இருக்கும் பாடல்களை எழுதியவர். கவிஞர்கள் எப்போதும் காலத்துக்கு முன்னால் நடப்பவர்கள் என்று நம்புகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம்.

வடக்கன்குளத்தில் அதைக் கல்லிலேயே கட்டினார்கள். திருநெல்வேலி மாவட்டத்து ஊர். கத்தோலிக்கர்கள் 1872-ல் எழுப்பிய திருக்குடும்ப ஆலயத்துக்குக் கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி இரண்டு கூடங்கள். ஒன்றில் வேளாளர், இன்னொன்றில் நாடார். பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஒரு பக்கத்தாருக்கு மறுபக்கத்தார் தெரியமாட்டார்கள். கொத்தனார் எவ்வளவு யோசித்திருக்க வேண்டும்! 1910-ல் பங்குத்தந்தை கௌசானல் நடுத்தடுப்பை எடுத்துவிட்டார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. கோயிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

சுவர் போனதோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் எறையூரில், 2008 மார்ச் மாதம் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே கலவரம். சவ ஊர்வலம் போகும் பாதையிலிருந்து எல்லாவற்றிலும் ஒதுக்கப்பட்ட தலித் கத்தோலிக்கர்கள், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். வன்னியக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். ஒன்றாகக் கூடுவதே கிறிஸ்தவம் என்று எறையூர் தலித்துகளிடம் போய்ச் சொல்லும் யோக்கியதை யாருக்கு இருக்கிறது? கதவைத் திறக்காதவர்கள், கதவுக்கு வெளியே தனிக் கூரை போட்டுக்கொள்கிறவர்களைப் பிரிவினைக்காரர்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் தனியாகப் போவதும் அண்ணாச்சி அவர்களைத் தனியாக அனுப்புவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். தனி இடத்தைக் கேட்டது யார், கொடுத்தது யார் என்று பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

இந்த வரலாற்றில் எனக்கு ஆறுதலான ஒரு மனிதர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்துக் குருவானவருக்குப் பிறந்தவர். 1910-ல் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தார்கள். அங்கே மேடையேறிய இந்த முப்பத்தைந்து வயதுத் தமிழர், வெள்ளைக்கார மிஷனரிகளும் இந்திய ஊழியர்களும் எப்படிப் பழகுகிறார்கள் என்பதைப் போட்டு உடைத்தார். நீங்கள் சொத்தைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நன்றி. எங்களுக்கு வேண்டியது அன்பு, நண்பர்களைக் கொடுங்கள் என்ற பொருளில் முடித்தார். கூட்டத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. உபகாரம் செய்கிறவர்களிடம் சரிசமமாக உட்காரச் சொல்லிக் கேட்டால் கோபம் வரத்தான் செய்யும்.

1912-ல் கல்கத்தாவில் அவர் பிஷப்பாக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் முதல் இந்திய பிஷப். அவருக்குக் கிடைத்தது தோர்ணக்கல், அன்றைய நிஜாம் ராஜ்யத்தில் ஒரு ரயில்வே சந்திப்பு. இப்போது தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டத்தில் இருக்கிறது. தெலுங்கு கற்றுக்கொண்டார். அவர் சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதியினர். இரண்டுமே ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவை. ஆனாலும் ஒன்று மற்றதன் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காது. திருவிருந்தில் ஒரே கிண்ணம் கைமாறும்போது இது எவ்வளவு பெரிய விவகாரம் என்பதை நகரத்துச் சர்ச்சுகளில் இருப்பவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். 1939-ல் பிரதிஷ்டையான தோர்ணக்கல் ஆலயத்தில் இந்துக் கோயில் தூண்களும் மசூதியின் கும்மட்டமும் சேர்ந்து நிற்கின்றன.

அசரியாவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரகேஷனல், பிரஸ்பிடேரியன் என்று சீமையில் நடந்த சண்டைகளின் பெயரால் இங்கே கிராமத்துக் கிறிஸ்தவர்கள் தனித்தனிப் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் அவரும் வேறு சிலரும் கூடிப் பேச்சைத் தொடங்கினார்கள். பிஷப் கைவைத்து அபிஷேகம் செய்யாத போதகர் கொடுக்கும் அப்பத்தை மற்றவர் வாங்கலாமா என்பது போன்ற கேள்விகளுக்கு விடை காண 28 வருஷம் ஆயிற்று. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. நாடு பிரிந்து ஆறு வாரமே ஆகியிருந்த நேரத்தில் நடந்த ஒரு சேர்க்கை. அசரியா பார்க்கவில்லை. 1945 ஜனவரி முதல் தேதி காலமாகிவிட்டார். வட இந்தியாவில் இதேபோல ஒன்று சேர 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்ந்த கூட்டத்தை 2020-ல் ஒரு கிருமி ஒரே ராத்திரியில் கலைத்துவிட்டது. மார்ச் 25 முதல் ஊரடங்கு. ஏப்ரல் 12 ஈஸ்டர். கோயில், மசூதி, குருத்வாரா, சர்ச் எல்லாம் பூட்டு. குருவானவர்கள் காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பிரசங்கம் செய்தார்கள், ஜனங்கள் வீட்டிலிருந்து யூடியூபில் பார்த்தார்கள். வேறு வழியும் இல்லை, அதில் தவறும் இல்லை. படுக்கையில் கிடப்பவர்களுக்கும், தமிழ்ச் சர்ச் இல்லாத வட இந்தியச் சிற்றூர்களில் இருப்பவர்களுக்கும் அது இன்றும் பெரிய உதவி. ஆனால் பூட்டைத் திறந்த பிறகும் திரும்பி வராதவர்கள் இருந்தார்கள். எங்கள் அண்ணாச்சி அவர்களில் ஒருவர்.

2021 மே மாதம், இரண்டாம் அலையில் மதினி போய்விட்டார். தில்லி அப்போது இருந்த இருப்பு நமக்கெல்லாம் தெரியும். அடக்கத்துக்கு நாலு பேர், அவர்களும் முகம் தெரியாத உடுப்பில். அண்ணாச்சிக்கும் தொற்று இருந்ததால் கல்லறைக்குப் போக முடியவில்லை. மகன் வெளிநாட்டில். நாற்பத்தைந்து வருஷமாக எத்தனையோ சாவு வீடுகளில் முன்னால் நின்று பாட்டு எடுத்துக் கொடுத்த மனிதர், தன் வீட்டுச் சாவுக்குப் பாட்டுச் சத்தமே இல்லாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். சென்னையிலிருந்து நான் ஃபோன் பண்ணினேன். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. உருப்படியாக எதுவும் பேசியிருக்க மாட்டேன்.

அந்தப் பதினான்கு நாளும் அவருக்குச் சாப்பாடு வந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு மணி அடிக்கும். கதவுப்பிடியில் பை தொங்கும். நாலு படி கீழே இறங்கி நின்று ஒரு பெண் குரல் கொடுப்பாள்: "ஐயா, எடுத்துக்கிட்டீங்களா? மூச்சு நல்லா வருதா?" மூன்றாம் நாள் அண்ணாச்சி உள்ளிருந்தபடியே நீ யாரம்மா என்று கேட்டிருக்கிறார். "நம்ம சர்ச்சுதாங்க ஐயா. கடைசி பெஞ்சு."

ஓடைக்கரைக்காரர். ஜெபக்கூட்டம் அங்கேயே வந்த பிறகும் விடாப்பிடியாகக் கோயிலுக்கு வந்துகொண்டிருந்த சிலரில் ஒருவர். அவர் தியாக உணர்ச்சி பொங்கி வந்தார் என்றெல்லாம் நான் எழுதினால் அண்ணாச்சியே சிரிப்பார். போதகர் அங்கத்தினர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, யார் வீட்டில் நோய், யார் சமைக்க முடியும், யார் எந்தப் பக்கம் போய் வருகிறார் என்று பார்த்து முறை போட்டிருந்தார். அந்தப் பெண் அடுத்த பிளாக்கில் ஒரு வயதான தம்பதிக்குச் சமையல் செய்துகொண்டிருந்தார். வழியில் இருந்ததால் இவர் வீடு அவர் கணக்கில் வந்தது. அவ்வளவுதான். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த முறைதான். பிரியம் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முகம்கூடத் தெரியாத, பெரிதாகப் பிரியமும் இல்லாத ஒருவர் வாசலில் போய் நிற்பதற்குத்தான் பட்டியல் வேண்டும். பட்டியலில் பெயர் இருக்க வேண்டுமானால் ஏதோ ஓர் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஜஸ்டின் எழுதிய அந்த உதவிக்காரர்களும் இப்படித்தான் முறை போட்டுக்கொண்டு போயிருப்பார்கள்.

இதற்குப் பிறகு அண்ணாச்சி ஓடோடிப் போய்க் கோயிலில் உட்கார்ந்தார் என்று நினைத்துவிட வேண்டாம். சர்ச் திறந்து மாதக்கணக்காகியும் வீட்டில்தான் இருந்தார். மகன் வாங்கிக் கொடுத்த பெரிய டிவியில் காலையில் நாகர்கோவில், பத்து மணிக்குச் சென்னை, ராத்திரி அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊர் என்று ஒரே ஞாயிறில் மூன்று ஆராதனை பார்த்தார். பிரசங்கம் நீண்டால் ஓட்டிவிடலாம். பிடிக்காத பாட்டைத் தாண்டிவிடலாம். பிள்ளைகள் அழாது. பக்கத்தில் யாரும் இருமமாட்டார்கள். "சொகமாத்தான் இருந்துச்சு தம்பி" என்றார். பிறகு ஏன் மறுபடி போனீர்கள் என்று கேட்டேன். கொஞ்சநேரம் பதில் இல்லை. "பாட்டு நல்லாத்தான் கேக்கு. நான் பாடுறதுதான் யாருக்கும் கேக்கல" என்றார். அப்புறம், "அந்தப் பிள்ளைக்கு ஒரு நன்றிகூடச் சொல்லலயே" என்றும் சொன்னார்.

இப்போது வாராவாரம் போகிறார். பழைய நாலாவது வரிசையில்தான் உட்காருகிறார். திருவிருந்தில் பொதுக் கிண்ணத்துக்குப் பதிலாகச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கிண்ணம் வந்துவிட்டதைப் பற்றிப் பார்க்கிறவர்களிடமெல்லாம் குறைபட்டுக்கொள்கிறார்.

2025 டிசம்பரில் ஒரு வேலையாகத் தில்லி போனபோது மறுபடி அவரோடு சர்ச்சுக்குப் போனேன். அதற்கு ஆறு மாதம் முன்பு, ஜூன் முதல் தேதி, ஓடைக்கரையில் இருந்த மதராஸி கேம்ப் நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டிருந்தது. தகுதி உண்டு என்று கண்டறியப்பட்டவர்களுக்கு நரேலாவில் வீடு. தில்லியின் வடக்கு எல்லை. மற்றவர்கள் வாடகைக்கு இடம் தேடிச் சிதறிப்போனார்கள். சாப்பாடு கொண்டுவந்த பெண்ணுக்கு நரேலா கிடைத்திருக்கிறது. வேலை இன்னும் தெற்கு தில்லியிலேயே.

சர்ச் கமிட்டி கூடியதாம். நரேலாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து போக அரைநாள் ஆகிவிடுகிறது, வயதானவர்களும் குழந்தைகளும் பாவம், ஆகவே அங்கேயே வாரம் ஒரு ஜெபக்கூட்டம் வைத்துவிடலாம் என்று ஓர் இளைஞர் சொன்னாராம். நல்ல பையன், சாஃப்ட்வேர் வேலை, உண்மையான அக்கறையோடு சொன்னது. இந்த முறை அதில் நியாயமும் இருக்கிறது. அண்ணாச்சி எழுந்து, ஜெபக்கூட்டம் வேண்டுமானால் வையுங்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்யுங்கள் என்றிருக்கிறார். பொருளாளர் டீசல் கணக்குப் போட்டுக் காட்டினாராம். "இதே பேச்ச அந்தக் காலத்துல பேசினவன் நாந்தான். மினிட்ஸ் புஸ்தகத்துல இருக்கும், எடுத்துப் பாருங்கன்னுட்டேன்" என்றார் என்னிடம். வேன் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருந்தது.

அன்றைய ஆராதனையில் இரண்டாம் பாடம் வாசித்துக்கொண்டிருந்தபோது பின்கதவு திறந்தது. குளிர்காற்றோடு ஐந்தாறு பேர் உள்ளே வந்தார்கள். இரண்டு பிள்ளைகள் தூங்கி வழிந்தன. வாசித்துக்கொண்டிருந்தவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். அண்ணாச்சி திரும்பி, விரல்விட்டு எண்ணினார். "இன்னிக்கு ரெண்டு பேர் கொறையுதே" என்றார் என் காதில்.